கோட்டு மாட்டும் அறை

பனி சறுக்கி விழுவதற்காகச் செங்குத்தாகக் கூரை போட்ட கட்டடத்தை நான் முதன்முதலில் வளைகுடாவில்தான் பார்த்தேன். வருஷத்தில் மூன்று நாள் மழை பெய்தால் அதிகம் என்கிற ஊர். அந்த ஊரில் பனிக்குக் கூரை! கட்டினவனுக்குக் கிறுக்குத்தான் பிடித்திருக்க வேண்டும் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற எங்கள் சபைச் செயலாளர், "மெதுவா பேசுடே, இது கோயிலு" என்றார். அவரும் நானும் திருநெல்வேலிப் பக்கம். நான் அவரை அண்ணாச்சி என்பேன்.

ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ரூவியில் பஸ் ஏறினாலும் சோஹாரில் ஏறினாலும் போய்ச் சேரலாம், துறைமுகம் உள்ள ஊர், அவ்வளவு போதும். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி தன் அதிகாரிகளின் பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடம் அது. விக்டோரியா மகாராணி செத்து எத்தனையோ வருஷம் கழித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் எவனோ ஒரு இன்ஜினியர், மகாராணி காலத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் படத்தை ஊரிலிருந்து கொண்டுவந்து, ஒரு கோடு மாற்றாமல் இங்கே இறக்கிவிட்டான். சிவப்புச் செங்கல். மேலே கூர்ந்து முடிகிற உயரமான ஜன்னல்கள். உச்சியில் மணிக்கூண்டு உண்டு, மணி கிடையாது. கூடத்தின் ஒரு பக்கம் கணப்பு அடுப்பு, அதற்குப் புகைபோக்கி வேறு. ஐம்பது டிகிரி வெயிலில் கணப்பு அடுப்பு! அதற்கு நேர் மேலேதான் இப்போது ஏசி மாட்டியிருந்தார்கள்.

ஜன்னல்களின் அடிவிளிம்பு ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது. பாடம் நடக்கும்போது பிள்ளைகள் வெளியே வேடிக்கை பார்த்துவிடக் கூடாதாம். வெளிச்சம் மட்டும் உள்ளே விழும், உலகம் தெரியாது. வெளியில் நிற்பவர்களுக்கும் உள்ளே நடப்பது தெரியாது. பள்ளிக்கூடம் மூடிப்போய், இடம் சர்ச் ஹாலாக மாறியபோது அந்த ஜன்னல்தான் எல்லோருக்கும் பிடித்துப்போனது என்று அண்ணாச்சி சொல்வார்.

வாசல் இரண்டு. ஒன்றின் நெற்றியில் ஆண்பிள்ளைகள் என்று ஆங்கிலத்தில் கல்லில் செதுக்கியிருக்கும், இன்னொன்றில் பெண்பிள்ளைகள் என்று. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு மலையாளிகள், ஒன்பதரைக்கு நாங்கள், பதினொன்றரைக்கு பிலிப்பைன்ஸ்காரர்கள் என்று ஹாலைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். மற்ற சபைக்காரர்கள் கிடைத்த வாசலில் நுழைவார்கள். நம் ஆட்கள் மட்டும், பேரப்பிள்ளை எடுத்தவர்கள் உட்பட, ஆண்கள் ஆண்பிள்ளை வாசல், பெண்கள் பெண்பிள்ளை வாசல் என்று கறாராகப் போவார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்குச் சிரிப்பாக வரும். ஆனால் நானும் ஆண்பிள்ளை வாசலில்தான் போனேன்.

நான் டிராஃப்ட்ஸ்மேன். கட்டுகிற கட்டடங்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரைவது வேலை. பதினொரு வருஷமாக இதே பிழைப்பு. அளவு தப்பினால் எனக்கு மண்டைக்கு ஏறிவிடும். சைட்டில் போர்மேன்களோடு நான் போட்ட சண்டைகளில் முக்கால்வாசி அஞ்சு மில்லிமீட்டர், பத்து மில்லிமீட்டருக்காகத்தான். "இவன் கிட்ட டேப்பைக் குடுக்காதீங்கப்பா, பொண்டாட்டியக்கூட அளந்து பாப்பான்" என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை.

ஹாலுக்கு லைசென்ஸ் புதுப்பிக்க, தீயணைப்புப் பாதுகாப்புக்காக, கட்டடம் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே வரைந்த படம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பழைய படம் யாரிடமும் இல்லை. அண்ணாச்சி என் தோளில் கை போட்டார். "கர்த்தருக்குன்னு நெனச்சு செஞ்சி குடுத்துருடே." கர்த்தருக்கோ இல்லையோ, அந்தக் கிறுக்குக் கட்டடத்தை அங்குலம் விடாமல் அளக்க வேண்டும் என்று எனக்கே ஆசை இருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், லீவு நாளில், லேசர் மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். ஹாலில் யாரும் இல்லை. 

வெளிப்பக்கம் அளந்தேன். உட்பக்கம் அளந்தேன். சுவர் கனத்தைக் கூட்டினேன். கணக்கு இடித்தது. நீளவாக்கில் ஒன்றே முக்கால் மீட்டர் குறைந்தது. இன்னொரு தடவை அளந்தேன். அதே ஒன்றே முக்கால். எங்கே போகும் ஒன்றே முக்கால் மீட்டர்? எனக்கு எரிச்சல் கிளம்பிவிட்டது. மேடைக்குப் பின்னால் ஒரு பிளைவுட் தடுப்பு. அதில் கட்டிய அலமாரிக்குள் பாடகர் குழு அங்கிகளும் பழைய கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் தொங்கின. அங்கிகளை ஒதுக்கிவிட்டு அலமாரியின் முதுகைத் தட்டிப் பார்த்தேன். பொள்ளலாகச் சத்தம் கேட்டது. இன்னும் பலமாகத் தட்டினேன்.

"தட்டாதீங்க சார். தொறக்கிறேன்" என்றது உள்ளிருந்து ஒரு பெண் குரல்.

பலகை நகர்ந்தது. ஹாலைக் கூட்டிப் பெருக்குகிற அம்மா நின்றுகொண்டிருந்தார். இலங்கை மலையகத்துக்காரர், ஐம்பது வயதை ஒட்டியிருக்கும். காலையில் வந்து சாயந்திரம் போகிறவர் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் எங்கேயும் போகவில்லை. அங்கேயேதான் இருந்திருக்கிறார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கோட்டு மாட்டுவதற்கு என்று கட்டிய அறை அது. குளிர்கால மேல்கோட்டு! ஒன்றே முக்கால் மீட்டர் அகலம், நாலு மீட்டர் நீளம். சுவரில், ஆறு வயதுப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில், வரிசையாகப் பதினாலு பித்தளைக் கொக்கிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே எனாமல் தகட்டில் நம்பர். கீழே ஒரு மெத்தை, ஒரு சின்ன மின்விசிறி, கெட்டில். கொக்கிகளில் நைட்டி, துண்டு, குடை, ஒரு சாமி காலண்டர். முருகன் படம் போட்ட காலண்டர். ஏழாம் நம்பர் மட்டும் காலி. பார்த்ததும் முதலில் எனக்கு வந்தது பரிதாபம் இல்லை, சந்தோஷம். என் அளவு சரி, ஒன்றே முக்கால் மீட்டர் கிடைத்துவிட்டது! வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அவர் நின்றபடியே சொன்னார். வேறு ஊரில் ஒரு வீட்டில் வேலை பார்த்தவர். அடி தாங்காமல் ஓடிவந்துவிட்டார். பாஸ்போர்ட் கஃபீலிடம், அதாவது விசா கொடுத்த முதலாளியிடம். ஓடிவந்தவருக்குத் தெரிந்த ஒரே விலாசம் இந்த ஹால்தான், ஏனென்றால் தங்கை இந்த ஊரில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் இங்கே வருவாள்.

"நான்தான் சார் அவள இந்த நாட்டுக்கு வரச் சொன்னேன். அவ ஒப்பந்தம் முடிய இன்னும் பதினொரு மாசம் இருக்கு. முடிஞ்சதும் ரெண்டு பேரும் ஒண்ணா போயி நின்னு, பாஸ்போர்ட்டுக்குப் பதிலா எம்பசில குடுக்குற அவுட்பாஸ் வாங்கிட்டு ஊருக்குப் போயிருவோம். அவள இங்க தனியா விட்டுட்டு மட்டும் நான் போக மாட்டேன்."

"ரெண்டு பேரும் வேதக்காரங்களாக்கா?" காலண்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

"எங்களுக்கு முருகன்தான் சார். வீட்டு மேடத்துக்கிட்ட அவ வேதக்காரின்னு சொல்லி வச்சிருக்கா. அப்படிச் சொன்னாத்தான் வெள்ளிக்கெழம ரெண்டு மணி நேரம் வெளிய விடுவாங்க. கோயிலுக்குப் போறேன்னா எந்தக் கோயிலுன்னு கேப்பாங்க. சர்ச்சுன்னா டிரைவரே கொண்டாந்து விட்டுருவாரு."

அப்போதுதான் எனக்கு அந்தப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். பெண்கள் பக்கம் கடைசி நாற்காலி. பாட்டுக்கு வாய் மட்டும் அசையும், சத்தம் வராது. ஜெபம் பாதியில் எழுந்து மேடைப் பக்கம் போய்விடுவாள். இவ்வளவு அவசரம் என்றால் எதற்கு வர வேண்டும் என்று மனசுக்குள் அவளைத் திட்டியிருக்கிறேன். எழுந்து போய் இந்த அலமாரிக்குள் நுழைந்து, மெத்தையில் அக்காவோடு உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறாள். வாரத்துக்கு ஒரு வேளை.

"ஏழாம் நம்பரு அவளுக்கு. வந்ததும் ஷால அதுலதான் மாட்டுவா" என்றார். பிறகு என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். "சார், படத்துல இத செவருன்னு போட்டுருங்க. செவத்துக்குள்ள யாரு வந்து பாக்கப் போறா?"

"இவ்ளோ தடிச்ச செவரு உலகத்துல எங்கயும் கெடையாதுக்கா."

"வெள்ளக்காரன் கட்டினதுன்னு சொல்லுங்க. நம்பிருவாங்க."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சுவர் என்றே போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த அறையை அவருக்குக் காட்டியது யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அண்ணாச்சிக்குத் தெரியுமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இனி நான் செய்த காரியம். கம்ப்யூட்டரில் வரைகிற படம் ஒரே தாளில் இருப்பதில்லை. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாற்போல இருக்கும். சுவருக்கு ஒரு தாள், கதவுக்கு ஒரு தாள், விளக்குக்கு ஒரு தாள். லேயர் என்போம். வேண்டாத லேயரை அணைத்து வைத்தால் அதில் வரைந்தது கண்ணுக்குத் தெரியாது, அச்சிலும் வராது. நான் சொன்னபடியே அந்த இடத்தைக் கெட்டிச் சுவராக வரைந்தேன். வரைந்து முடித்துப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை. பதினொரு வருஷத்தில் பொய்யாக ஒரு கோடு போட்டதில்லை. என் கையால் போட்ட படத்தில் ஒன்றே முக்கால் மீட்டர் பொய்யா? புதிதாக ஒரு லேயர் போட்டு, அதில் அந்த அறையை உள்ளபடி வரைந்தேன். பலகைக் கதவு, மெத்தை போட்ட இடம், பதினாலு கொக்கிகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர். அப்புறம் அந்த லேயரை அணைத்தேன். யாருக்கும் தெரியப்போவதில்லை, எனக்குத் தெரிந்தால் போதும். ஆணவம், வேறென்ன.

தாளில் எடுத்துக் கொடுத்தேன். சுவர் சுவராகவே வந்திருந்தது. படங்களைச் சரிபார்த்து மேலே அனுப்புகிற கன்சல்டன்ட் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அங்கிருந்து ஒருவர் போன் செய்தார். "பாய், சாஃப்ட் காப்பி சாஹியே. ஜல்தி." கம்ப்யூட்டர் ஃபைலே வேண்டுமாம், உடனே. நான் அப்போது சைட்டில் நிற்கிறேன். கான்கிரீட் லாரி தப்பான கேட்டில் வந்து நிற்கிறது, போர்மேன் கத்துகிறான், நான் பதிலுக்குக் கத்துகிறேன். எடுத்துத் தொலை என்று போனிலிருந்தே ஃபைலை அனுப்பிவிட்டேன். அந்த லேயரை அழித்துவிட்டு அனுப்ப வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

அடுத்தவன் வரைந்த படம் கைக்கு வந்தால் எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற முதல் வேலை, அணைந்த லேயர்கள் எல்லாவற்றையும் எரியவிட்டுப் பார்ப்பது. அவன் எதை மறைத்தான் என்று தெரிந்துகொள்ள வேண்டுமே. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆகவே அங்கே உட்கார்ந்திருந்தவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு புதன்கிழமை காலை அண்ணாச்சி போன் செய்தார். "ஏலேய், அந்தப் படத்துல என்னத்தடே வரஞ்சி வச்ச? இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஆளு நேரா அலமாரிக்குள்ள போறாரு!"

டாக்ஸி பிடித்து ஓடினேன். இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர், வெள்ளைத் திஷ்தாஷா அங்கி. மரியாதையாகத்தான் பேசினார். பலகை திறந்து கிடந்தது. அவர் கையில் என் படம், அந்த லேயரோடு அச்செடுத்தது. கொக்கிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பதினாலு வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீதான் வரைந்ததா? குட் டிராயிங்" என்றார். கேலி இல்லை, மனசாரத்தான் சொன்னார். எனக்குச் செருப்பால் அடி வாங்கியதுபோல இருந்தது.

இரண்டு பெண் போலீஸ்காரர்கள் வந்திருந்தார்கள். அக்கா அழவில்லை. ஒரு பையில் துணிமணிகளைப் போட்டுக்கொண்டு, காலண்டரைச் சுருட்டி அதற்குள் வைத்தார். இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, நம்பர் தெரியும். 

"எல்லா நம்பரும் போட்டிருக்கீங்க" என்றார் என்னிடம்.

அக்கா, மன்னிச்சிருங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே பேசினார். 

"வெள்ளிக்கெழம அவ வருவா தம்பி. வாசல்லயே நின்னு சொல்லிருங்க. அவ உள்ள வந்து என்னத் தேடக் கூடாது." அதுவரை சார் என்றவர் அப்போதுதான் தம்பி என்றார். பெண்பிள்ளை வாசல் வழியாகத்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த அறையை உடனே அடைக்க வேண்டும், இல்லையென்றால் லைசென்ஸ் கிடையாது என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை அலமாரியைப் பிரித்துப் போட்டு, பிளாக் கல் அடுக்கிப் பூசினார்கள். கொக்கிகளைக் கழற்றி எடுக்கவா என்று கொத்தனார் கேட்டார். "கெடக்கட்டும், நாளைக்கு ஆராதனை இருக்கு" என்றார் அண்ணாச்சி. நான் பக்கத்திலேயே நின்றேன். ஏழாம் நம்பர் கல்லுக்குப் பின்னால் போகும்வரை நின்றேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே போய்ப் பெண்பிள்ளை வாசலில் நின்றுகொண்டேன். போகிற பெண்கள் எல்லாம் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று என் ரூமிலிருந்தே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஒன்பதரைக்குக் கார் வந்தது. பின்கதவைத் திறந்து இறங்கினாள். தலையில் ஷால், கையில் துணிப்பை. படியேறி வந்தவள் என்னைப் பார்த்து, சபையில் எல்லோரும் செய்வதைப் பார்த்துப் பழகியதுபோல, "ஸ்தோத்திரம்ணே" என்றாள். முகத்தில் அவ்வளவு சிரிப்பு. நானும் ஸ்தோத்திரம் என்றேன். வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். அவ்வளவுதான் நான்.

அன்றைக்கு அவள் ஜெபம் வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. எல்லோரும் பாட எழுந்ததும் மேடைக்குப் பின்னால் போனாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, ஈரம் காயாத பூச்சின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஷாலைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். அலமாரி இருந்த இடம் வேறு எங்கோ என்பதுபோல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தாள். பிறகு உள்ளங்கையைச் சுவரில் வைத்து, மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினாள்.

"அக்காவப் புடிச்சிட்டாங்கம்மா" என்றேன். "புதன்கிழமை. இன்ஸ்பெக்ஷன் வந்துச்சு."

அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கம் பாட்டு நடந்துகொண்டிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். யாராவது காட்டிக்கொடுத்தார்களா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். ஆமாம், தெரியவில்லை என்றேன். என் படம், என் லேயர், என் பதினாலு கொக்கி, எதையும் சொல்லவில்லை. அக்கா உன்னை நினைத்துத்தான் கவலைப்பட்டார் என்றேன், வாசலிலேயே சொல்லச் சொன்னார் என்பதை விட்டுவிட்டேன். 

"நீங்களாச்சும் வந்து சொன்னீங்களே. நல்லா இருப்பீங்கண்ணே" என்றாள்.

ஆராதனை முடிகிறவரை அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் போவதற்கு வேறு இடம் இல்லை, கார் பதினொன்றரைக்குத்தான் வரும். ஹாரன் அடித்ததும் எழுந்து முகத்தைத் துடைத்து, ஷாலைத் தலையில் போட்டுக்கொண்டாள். துணிப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"திருப்பிக் கொண்டுபோக ஏலாதுண்ணே. மேடத்துக்குத் தெரியாம ஆக்குனது. நீங்க சாப்புடுங்க."

வாங்கிக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அந்த வீட்டில், இனி வேதக்காரியாக இருந்து என்ன செய்யப்போகிறாள்.

படத்தைத் திருத்திக் கொடுத்தேன். இந்தத் தடவை ஒரே சுவர், மறைவாக ஒன்றும் கிடையாது, அளவெல்லாம் சரி. அக்கா கேட்டபடியே சுவர். அதைச் சட்டம் போட்டு இரண்டு வாசல்களிலும் மாட்டியிருக்கிறார்கள், தீப்பிடித்தால் எந்த வழியாக ஓட வேண்டும் என்று காட்டுவதற்காக.

அன்றைக்கு அந்த டப்பாவை ரூமுக்குக் கொண்டுபோக எனக்குத் துணிவு வரவில்லை. குப்பையில் போடவும் கை வரவில்லை. ஹாலுக்கு வெளியே, வெயிலில், பெண்பிள்ளை வாசல் படியில் உட்கார்ந்து திறந்தேன். சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல். அடியில் வாழையிலைத் துண்டுக்குள் இரண்டு அவித்த முட்டை, ஆளுக்கு ஒன்று. இரண்டையும் நானே தின்றேன்.